பைக் ஸ்டாண்டு சத்தம்

மாலை ஆறரைக்கு மேல் வாசலில் பைக் வந்து நிற்கும். ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். மெதுவாகப் போட்டால் அன்றைக்கு ராத்திரி நிம்மதி. 'டங்'கென்று விழுந்தால், கதவு திறப்பதற்குள் டிவியை அணைத்து, மேஜையில் கிடப்பதை ஒதுக்கி, என் முகத்தையும் சரிசெய்துகொள்ள எனக்கு அரை நிமிடம் இருக்கும். ஆறு வருடம் இப்படித்தான் போனது. அந்த ஒரு சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் வெளியே யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் மட்டும் என்ன சொல்வதென்று தெரியாது.

நான் அந்தத் திருமணத்தைவிட்டு வெளியே வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. எப்படி மீண்டாய் என்று கேட்பவர்களிடம் இதுவரை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவேன். போன மாதம் ஒரு தோழி ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு மட்டும் இப்படித் தோணுதா, இல்ல நிஜமாவே தப்பா நடக்குதான்னு தெரியலடி" என்றாள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு நன்றாகத் தெரியும். பாத்ரூமுக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டுப் பேசும் குரல் அது. அவளுக்குச் சொன்னதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

என் முன்னாள் கணவரை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். 'அவன்னு எழுதுடி' என்று அக்கா பலமுறை சொல்லிவிட்டாள். 'அவன்' என்று எழுதினால் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது. 'அவர்' என்றால் யாரோ ஒருவர். எனக்கு அந்தத் தூரம் வேண்டும்.

அவர் என்னை அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் நான் அவ்வளவு காலம் அங்கே இருந்ததற்கு இதுதான் பெரிய காரணம். அடி வாங்குகிறவள்தான் கஷ்டப்படுகிறவள், எனக்கென்ன குறை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். நடந்ததை வெளியே சொன்னால் எல்லாமே அற்ப விஷயமாகத் தெரியும். யார் போனில், ஏன் இவ்வளவு நேரம், அப்படி என்ன சிரிப்பு. சம்பளம் வந்த அன்றே அவருடைய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அப்புறம் வேண்டியதற்குக் கேட்டு வாங்க வேண்டும். என் தோழிகள் ஒவ்வொருத்தியிடமும் ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒருத்தி திமிர் பிடித்தவள், இன்னொருத்தி வீட்டைக் கெடுப்பவள். நான்காவது வருடத்தில் என் போனில் அக்காவையும் அலுவலக எண்களையும் தவிர யாரும் மிச்சமில்லை. நானாகத்தான் ஒதுங்கினேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கை நீட்டாமலேயே ஒருவரை இப்படி அடக்கி வைப்பது வன்முறைதான் என்பதைச் சில நாட்டுச் சட்டங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் வந்த சட்டம் ஒன்றின் 76-வது பிரிவுப்படி, நெருங்கிய உறவில் திரும்பத் திரும்பக் கட்டுப்படுத்தி அச்சுறுத்தி நடத்துவது 5 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளியே வந்து பல மாதம் கழித்துத்தான் இதைப் படித்தேன். படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். எங்கோ ஒரு தேசத்தில், எனக்கு முன்பின் தெரியாத யாரோ உட்கார்ந்து, என் வீட்டுக்குள் நடந்ததற்கு ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பணமும் போனும் போனதைவிடப் பெரிதாக ஒன்று போயிருந்தது. அக்காவின் பிறந்தநாளுக்குப் போய்வரட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். "தாராளமா போய்ட்டு வா, நானும் வெளியில சாப்பிட்டுக்கறேன்" என்றார். சொல்லும்போது சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பட்டன் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பினேன். இருட்டில் உட்கார்ந்திருந்தார். "யாரைக் கேட்டுப் போனே?" என்றார். காலையில் கேட்டேனே என்றேன். "நான் எப்போ சொன்னேன்? நீயா கற்பனை பண்ணிக்கிட்டு என் தலையில கட்டாதே. உனக்கு ஞாபகமறதி ரொம்ப ஆயிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்." கத்தவில்லை. நிதானமாக, உண்மையான அக்கறையோடு சொல்வது போலச் சொன்னார். பத்து நிமிடம் வாதாடினேன். அரை மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். படுக்கும்போது, அந்த மூன்றாவது பட்டனைக்கூட நானாகக் கற்பனை செய்துவிட்டேனோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இதைத்தான் இப்போது எல்லோரும் கேஸ்லைட்டிங் என்கிறார்கள். மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கும் ஒரு கணவனைப் பற்றி 1938-ல் மேடையேறிய ஆங்கில நாடகத்திலிருந்து வந்த சொல். ஒரு முறை நடந்தால் அது வெறும் சண்டை. வாரம் இரண்டு முறை, ஆறு வருடம் நடந்தால், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுவோம். நான் வந்திருந்தேன். குளிர்கிறதா இல்லையா என்பதைக்கூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். பிற்பாடு நான் மீண்டதெல்லாம் இந்த ஒன்றைத் திரும்பப் பெற்றதுதான்: நான் பார்த்தது பார்த்ததுதான், கேட்டது கேட்டதுதான் என்ற நம்பிக்கை.

அதற்கு முதல் உதவி ஒரு நோட்டு. அலுவலக மேஜையில் பாதி காலியாகக் கிடந்த பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு நாள் காலை வந்ததும் எழுதினேன். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை. என் அழுகையையோ கோபத்தையோ எழுதவில்லை. சொன்னதை மட்டும். எனக்கு நிஜமாகவே மறதியா என்று சோதிப்பதற்குத்தான் ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் பதினான்கு பதிவு. ஒரு நாள் மதியம் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். வேறு யாரோ ஒரு பெண் எழுதியதைப் படிப்பது போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மறதி இல்லை. அவளிடம் சொன்னதைத்தான் ஒவ்வொரு முறையும் மாற்றியிருக்கிறார்கள்.

தோழியிடம் முதலில் இதைத்தான் செய்யச் சொன்னேன். கூடவே ஒரு எச்சரிக்கையும்: வீட்டில் வைக்காதே, அவர் திறக்கக்கூடிய போனிலும் வைக்காதே. அலுவலகத்தில், அல்லது முழுதாக நம்புகிற ஒருவரிடம் இருக்கட்டும்.

வெளியேறிய நாளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 'நான் போகப்போறேன்' என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கை நீட்டும் வழக்கமுள்ளவராக இருந்தால், மிரட்டியிருந்தால், பிரிகிற நேரமும் அதை அடுத்த நாட்களும்தான் மிக ஆபத்தானவை. தனியாக இருக்கும்போது கிளம்பி, போய்ச் சேர்ந்த பிறகு தகவல் சொன்னால் போதும். நான் மூன்று வாரமாக, சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், வங்கிக் காகிதங்களை ஒவ்வொன்றாக ஆபீஸ் பைக்குள் வைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். புதிதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கினேன். 'நீல ஃபைல் எங்கே இருக்கு' என்று மெசேஜ் வந்தால் உடனே கிளம்பி வா என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

போனை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், நான் அன்றைக்குப் போன இடத்தின் பெயரைச் சொல்லி மெசேஜ் அனுப்பினார். முதுகு சில்லிட்டது. என்றைக்கோ இருவரும் சேர்ந்து போட்டுவைத்த லொகேஷன் பகிர்வு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். லொகேஷன், ஈமெயில் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மறந்தால் தகவல் போகும் மாற்று எண், என் போனில் பதிந்திருந்த அவர் கைரேகை, என் வாட்ஸ்அப் திறந்திருந்த அவருடைய லேப்டாப், போட்டோக்கள் தானாகப் போய்ச் சேரும் பொதுவான கணக்கு. வங்கியில் நாமினி பெயரை மாற்ற இரண்டு மாதம் கழித்துத்தான் தோன்றியது. கிளம்புகிறவர்கள் இந்த வேலையை அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஒன்று மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும்: இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது நெருங்கிய ஒருவருடைய போனிலிருந்து பேசுவதுதான் நல்லது.

இனி, யாரும் எனக்குச் சொல்லாத பகுதி. வெளியே வந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஏக்கம். இரண்டாவது வாரம் அவர் நினைப்பில் தூக்கம் போனது. அவர் சட்டை வாசம், எப்போதாவது சிரிக்கும் அந்தச் சிரிப்பு, எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஏங்குகிறேன் என்றால் இதுதானே அன்பு, தப்பு செய்துவிட்டேனோ என்று நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பேன். பல பேர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

ஏன் இப்படி என்று பின்னால் தேடிப் படித்தபோது, ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி கண்ணில் பட்டது. அவரும் ஃபெர்ஸ்டர் என்பவரும் சேர்ந்து 1957-ல் அதை விரிவாக வெளியிட்டார்கள். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரத்தில் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், எப்போதாவது கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்ற பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் ஆறு வருடம் அது. பத்து நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைக்காக அடுத்த பத்து நாளைத் தாங்குவேன். இதுபோல மாறி மாறி வரும் கொடுமையும் கனிவும் சேர்ந்து உண்டாக்கும் பிணைப்பை 1981-ல் டட்டன், பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். இப்போது ட்ராமா பாண்டிங் என்கிறார்கள். நல்லபடியாக நடத்துகிறவரைப் பிரிவதைவிட இப்படிப்பட்டவரைப் பிரிவதில் ஏக்கம் கடுமையாக இருக்கலாம். ஏக்கத்தின் அளவை வைத்து அன்பை அளக்கக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உடம்பிலும் அது இருக்கிறது. ஹெலன் ஃபிஷரும் அவருடன் இருந்தவர்களும் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காதலித்தவர் கைவிட்ட பிறகும் மறக்க முடியாமல் இருந்த 15 பேருக்கு, அந்த நபரின் போட்டோவைக் காட்டிக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்கள். கொக்கைன் போதைக்கு ஏங்கும்போது வேலை செய்யும் பகுதிகள் சில அங்கேயும் விழித்துக்கொண்டன. அதனால் எனக்கு அது பலவீனமாகத் தெரியவில்லை. காய்ச்சல் மாதிரி, ஏறி இறங்கும் ஒன்று. ஏறும்போது என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே வைத்திருந்தேன். நோட்டை எடுத்து, அந்தப் பதினான்கு பதிவையும் வாய்விட்டுப் படிப்பேன். மனம் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து நீட்டும். நோட்டு நடந்ததைச் சொல்லும்.

அப்படியும் மூன்றாவது மாதம் சறுக்கினேன். பழைய போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். முதல் ஐந்து நிமிடம் அவ்வளவு இனிமை. ஆறாவது நிமிடத்தில், "நீ இப்படிப் பாதியில ஓடிப்போவேன்னு உங்க அக்காவே என்கிட்ட சொல்லியிருக்கா" என்றார். அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு முழுக்க அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நிமிட இனிமைக்கு நான்கு நாள் தூக்கம் போனது. அதன் பிறகுதான் தொடர்பை முழுதாக வெட்டினேன். சட்ட வேலைகளுக்கு மட்டும் தனியாக ஓர் ஈமெயில் வைத்துக்கொண்டேன். அதை அக்கா முதலில் படிப்பாள். தேவையானதை மட்டும் சொல்வாள். என் பதில் இரண்டு வரிக்கு மேல் போகாது: தேதி, காகிதம், சரி, முடியாது. விளக்கம் கிடையாது. நாம் கொடுக்கும் ஒவ்வொரு விளக்கமும் அவருக்கு அடுத்த வாதத்துக்கான கைப்பிடி. குழந்தைகள் இருப்பவர்களுக்கு முழுதாக வெட்ட முடியாது. அவர்களுக்கும், பேசுவதை எழுத்தில் மட்டும், குழந்தை விஷயத்தை மட்டும் என்று சுருக்கிக்கொள்வது பலன் தரும். அப்படிச் சறுக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: மறுபடி முதலிலிருந்து இல்லை. மூன்று மாதம் நடந்தது நடந்ததுதான்.

தனி வீடு பார்த்துப் போன முதல் வாரம், படுக்கைக்கு விரிப்பு வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் ஆறேழு விரிப்பைப் பிரித்துப் போட்டாள். "எதுங்க வேணும்?" நான் பச்சையைப் பார்த்தேன். உடனே 'இது கண்ணை உறுத்துதே' என்று அவர் குரல் உள்ளே. நீலம். 'அழுக்குத் தெரியாதுன்னு சோம்பேறித்தனம்.' கால் மணி நேரம் நின்றேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தப் பெண் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு நாள் வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்து, பழைய புடவையை விரித்துப் படுத்தேன். வீட்டைவிட்டு வெளியேற முடிந்த எனக்கு ஒரு விரிப்பின் நிறத்தைச் சொல்ல முடியவில்லை.

செலிக்மன், மேயர் என்ற இருவர் 1967-ல், தப்ப வழியில்லாமல் மின்அதிர்ச்சி வாங்கிப் பழகிய நாய்கள், பிற்பாடு தப்ப வழி இருந்தும் அப்படியே படுத்துக்கிடந்ததைப் பதிவு செய்தார்கள். 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இது பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது, அதே இருவர் கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து 2016-ல் எழுதியது. மூளையைப் பற்றி அதற்குள் தெரியவந்ததை வைத்துப் பார்த்தால் முன்பு சொன்னது தலைகீழ் என்றார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உடம்பின் இயல்பு. 'என் செயலால் ஏதாவது மாறும்' என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது. அப்படியென்றால் என்னிடம் கோளாறு எதுவும் இல்லை. விட்டுப்போன பாடம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தை மிகச் சின்னதிலிருந்து படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு முடிவு, யாரையும் கேட்காமல். ஜன்னல் திறந்திருக்கட்டுமா மூடட்டுமா. எந்தப் பாட்டு. எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது. முடிவெடுத்ததும் அதை வாய்விட்டுச் சொல்வேன்: "எனக்கு ஜன்னல் திறந்திருந்தாத்தான் பிடிச்சிருக்கு." கேட்க யாரும் இல்லாத அறையில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முதல் சில வாரம் தொண்டை அடைக்கும். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ அதே கடைக்குப் போய்ப் பச்சை விரிப்பை வாங்கினேன். வீட்டுக்கு வந்து விரித்தபோது, உண்மையிலேயே அது கண்ணை உறுத்தத்தான் செய்தது. நானே வாங்கிய உறுத்தல். அதில்தான் இரண்டு வருடம் படுத்தேன்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை" என்று உறவில் பெரியவர்கள் நிறைய பேர் சொன்னார்கள். அந்தப் பழமொழி இரண்டு பேருக்கும் சம பலம் இருக்கும் சண்டைக்குச் சரி. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாலும் சத்தம் வரத்தான் செய்யும், அமுக்கப்படுகிற கையின் சத்தம். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி மாய்ந்தேன். பிறகு ஒரே பதிலை வைத்துக்கொண்டேன்: "இதைப் பத்தி நான் பேசறதில்லைங்க." சிரித்துக்கொண்டே சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். விலகிப்போன தோழிகளில் நான்கு பேருக்கு நானே எழுதினேன். 'நான் காணாமப் போனதுக்குக் காரணம் நீ இல்லை' என்று ஒரே வரி. ஒருத்தி பதில் போடவில்லை. அவள் வருத்தம் நியாயமானது. ஒருத்தி அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றாள்.

அக்கா எனக்குச் செய்ததில் பெரியது, ஒரு நாளும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லாதது. அவள் வீட்டில் இருந்தபோது கை தவறி ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே "ஸாரிக்கா, ஸாரிக்கா, புதுசு வாங்கித் தந்துடறேன், கவனிக்கல, ஸாரிக்கா" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏய், டம்ளர்டி அது" என்றாள். பிறகு எதுவும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள். யாராவது இப்படி உடைந்து வந்து உங்கள் வீட்டில் தங்கினால், ஆலோசனைகூட வேண்டாம். டம்ளரை டம்ளராக மட்டும் பார்த்தால் போதும்.

மனநல ஆலோசகரிடமும் போனேன். முதலில் போனவர், இருவரும் சேர்ந்து வந்தால்தான் சரியாகும் என்றார். இருவருக்கும் இடையில் சாதாரணமான பிணக்கு என்றால் சேர்ந்து போகலாம். ஒருவர் மற்றவரை அச்சத்தில் வைத்திருக்கும் இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உண்மையைப் பேச முடியாது. பேசினால் வீட்டுக்குப் போனபின் அதற்கு விலை உண்டு. இரண்டாவதாகப் போனவர் முதல் நாளே, "நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்றார். அவரிடம் ஒன்றரை வருடம் போனேன். முதல் ஆள் பொருந்தவில்லை என்பதற்காகச் சிகிச்சையே பொருந்தாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம், அல்லது பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆலோசகர் சொல்லித்தான் மறுபடி எழுத ஆரம்பித்தேன். இந்த முறை என் மனதில் இருப்பதை. பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை மிகவும் காயப்படுத்திய அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்கள் மனநிலை மோசமானது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதிய மாணவர்களைவிட இவர்கள் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போவது குறைவாக இருந்தது. எனக்கும் முதல் இரண்டு நாள் மோசமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கோபம் வந்தது. பேனா தாளைக் கிழித்தது. நான்கு பக்கம் எழுதிய பிறகு, அவரிடமிருந்து ஒரு 'மன்னிச்சிடு'வுக்காக இத்தனை நாளும் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அது வராது. என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் வைத்திருந்தால் அது அவரிடமே இருக்கட்டும் என்று எழுதி, பேனாவை மூடினேன். ஒரே நாளில் அந்தக் காத்திருப்பு போய்விடவில்லை. வாரத்தில் ஏழு நாள் இருந்தது, மூன்று நாளானது, எப்போதாவது என்று ஆனது.

சந்தோஷம் எப்போது வந்தது என்றால், தேதி சொல்ல முடியாது. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாதி வாளி காலியான பிறகுதான், நான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. அவ்வளவுதான் அது. என் சம்பளம் என் கணக்கில் மாத முடிவிலும் கொஞ்சம் மிச்சமிருந்த முதல் மாதமும் அப்படித்தான். பேப்பரில் வந்த ஒரு செய்தியைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் ஒன்று சொல்ல, "எனக்கு அப்படித் தோணலை" என்று நான் சொல்லி, யாரும் கோபப்படாமல் பேச்சு தொடர்ந்த மதியமும் அப்படித்தான்.

இன்னொரு உறவு வேண்டுமா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு அவசரமில்லை. ஆனால் புதிதாகப் பழகும் யாரிடமும், நண்பராக இருந்தாலும் சரி, ஒன்றைக் கவனிக்கிறேன்: நான் ஒரு சின்ன விஷயத்துக்கு 'வேண்டாம்' என்றால் முகம் எப்படி மாறுகிறது. 'இன்னிக்கு வர முடியலை' என்றால், 'சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்கிறாரா, காரணம் மேல் காரணம் கேட்கிறாரா, இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா. பெரிய பரிசும் பெரிய வார்த்தையும் ஆரம்பத்தில் யாருக்கும் சுலபம். சின்ன 'வேண்டாம்' ஒன்றை ஏற்றுக்கொள்வது எல்லோராலும் முடிவதில்லை.

தோழி நேற்று மறுபடி போன் செய்தாள். நோட்டில் ஒன்பது பதிவு சேர்ந்திருக்கிறதாம். இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பையை மட்டும் என் வீட்டில் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னாள். சரி என்றேன். மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கதவைச் சும்மா சாத்திவிட்டு, சோபாவில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தேன். கண்ணயர்ந்துவிட்டேன் போல. அவள் உள்ளே வந்து தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் விழித்தேன். "வாசல்ல ரெண்டு பேர் பைக்கை நிறுத்திட்டு சத்தமா பேசிட்டிருக்காங்க, உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றாள்.

கேட்கவில்லை.